ஜெர்மனியில் எந்த ஊர்? வீட்டில் இருப்பவரைக் கேளுங்கள்

மியூனிக்கில் ஒரு கம்பெனி ஆண்டுக்கு 62,000 யூரோ தருகிறேன் என்கிறது. டுசல்டார்ஃபில் இன்னொன்று 57,000 தருகிறது. எதை எடுப்பது?

ஜெர்மனிக்குப் பெட்டி கட்டும் தமிழ்ப் பொறியாளர்களின் வாட்ஸப் குழுக்களில் இந்த மாதிரிக் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. பதிலும் உடனே வந்துவிடும்: சம்பளத்தில் வரியையும் வாடகையையும் கழித்துப் பாருங்கள், எங்கே மிச்சம் அதிகமோ அங்கே போங்கள். அந்தக் கணக்கிலும் தப்பில்லை. வருமான வரி நாடு முழுக்க ஒன்றுதான் என்பதால், மேலே சொன்ன இரண்டு சம்பளத்துக்கும் கையில் வருகிற வித்தியாசம் மாதம் 200 யூரோ சொச்சம். ஆனால் 70 சதுர மீட்டர் வீட்டுக்கு மியூனிக்கில் 1,400 யூரோவுக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும், டுசல்டார்ஃபில் ஆயிரத்துக்கு முன்பின் கிடைத்துவிடும். பெரிய சம்பளம் சின்னதாகிவிடும்.

பணக் கணக்கு இத்தோடு முடிந்தது. ஆனால் இதில் ஒருவர் விடுபட்டுப் போகிறார். கோயம்புத்தூரில் வங்கி வேலையையோ, திருச்சியில் கல்லூரி விரிவுரையாளர் வேலையையோ விட்டுவிட்டு, துணைவர் விசாவில் கூடவே வருகிறவர். பெரும்பாலும் மனைவி, சில வீடுகளில் கணவர். வேலைக்குப் போகிறவருக்கு மியூனிக்கும் ஹாம்பர்க்கும் அவ்வளவு வேறுபடுவதில்லை. காலையில் ஆபீஸ், ஆங்கிலம் பேசும் டீம், கேன்டீன், சாயங்காலம் ரயில். ஊர் என்ற ஒன்றை முழுசாகச் சந்திப்பவர் வீட்டில் இருப்பவர்தான். குழந்தை மருத்துவரின் வரவேற்பு மேசையில் ஜெர்மன் மட்டுமே பேசும் பெண்மணி, கீழ்வீட்டுக்காரரின் புகார்க் கடிதம், நவம்பரில் நாலரை மணிக்கே கவியும் இருட்டு எல்லாம் அவருக்குத்தான். இங்கிருந்து திரும்பிப் போன குடும்பங்களிடம் பேசும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பேச்சு வேலையில் தொடங்கும், நாலாவது வாக்கியத்தில் வீட்டுக்கு வந்துவிடும். "அவளுக்கு இங்கே செட் ஆகல" என்பார்கள். ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது அவளிடம் கேட்டீர்களா என்றால் பதில் வராது.

அதனால் இந்தக் கட்டுரை ஜெர்மன் நகரங்களை அவர் பக்கம் நின்று பார்க்கிறது.

முதலில் சட்டம், சுருக்கமாக. 2012-ல் ஜெர்மனி கொண்டுவந்த ப்ளூ கார்டு எனும் வேலை அனுமதிதான் நம்மவர்களின் பிரதான வாசல். 2025-ல் அதற்கான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 48,300 யூரோ. ஐடி, பொறியியல் போல ஆள் தட்டுப்பாடுள்ள துறைகளுக்கு 43,759.80. மியூனிக்கானாலும் லைப்சிக்கானாலும் தொகை ஒன்றுதான். அடிப்படை ஜெர்மன் மட்டும் தெரிந்தால் 27 மாதத்தில், பி1 நிலை இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமை. 2024 ஜூனில் வந்த புதிய சட்டப்படி ஐந்து ஆண்டில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். மூன்றே ஆண்டில் வாங்கும் விரைவு வழியை 2025 அக்டோபரில் மூடிவிட்டார்கள். ஜெர்மனி இப்போது இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, இந்தியா ஏற்பதில்லை. ஆக, ஜெர்மன் பாஸ்போர்ட் வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓசிஐ அட்டையோடு ஊருக்கு வந்துபோக வேண்டும்.

ஆக, முடிவு எடுப்பது ஐந்து ஆண்டுக்கு. நான்கு வயதில் கையைப் பிடித்து அழைத்துவந்த பிள்ளைக்கு அப்போது ஒன்பது முடிந்திருக்கும். அந்த ஒன்பது வயதுக்குள் ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வெறும் சுவரும் குழாய் முனையும்

மியூனிக்கில் வீடு பார்க்கப் போவது எப்படியிருக்கும்? சனிக்கிழமை பகல், மூன்றாவது மாடியில் ஒரு வீடு. வாசலில் தொடங்கி மாடிப்படி நெடுக ஆட்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஃபைல். அதில் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், பாஸ்போர்ட் நகல், கடன் வரலாறு காட்டும் ஷூஃபா அறிக்கை, தன்னைப் பற்றிய விவரப் படிவம். ஐந்து நிமிடம் உள்ளே விடுவார்கள். சமையலறைக்குப் போனால் வெறும் சுவர். சுவரிலிருந்து இரண்டு குழாய் முனைகள், ஒரு மின் இணைப்பு. சிங்க் கிடையாது, அடுப்பு கிடையாது, அலமாரி கிடையாது. முன்பிருந்தவர் கழற்றிக்கொண்டு போய்விட்டார். இங்கே அதுதான் வழக்கம். ஊரிலிருந்து நேற்றுத்தான் வந்த ஒருவரிடம் மூன்று மாதச் சம்பளச் சீட்டும் இருக்காது, ஷூஃபாவில் பெயரும் இருக்காது. வரிசையில் முன்னால் நிற்கும் ஜெர்மன் தம்பதியிடம் இரண்டும் இருக்கும்.

மியூனிக்கில் புதிதாக வாடகைக்கு வரும் வீடுகளுக்குச் சதுர மீட்டருக்கு 20 யூரோவைத் தாண்டுவது சர்வ சாதாரணம். லைப்சிக்கில் அதில் பாதி. இது கால்ட்மீட்டே, அதாவது வெறும் வாடகை. ஹீட்டர், தண்ணீர், குப்பை, மாடிப்படி துடைப்பது எல்லாம் சேர்ந்தால் வார்ம்மீட்டே. முன்பணம் மூன்று மாத வெறும் வாடகைக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்ட வாடகைதாரருக்கு உரிமை உண்டு. பலருக்கு இது தெரியாமல் மொத்தமாகக் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். வீட்டைக் கண்ணால் பார்க்கும் முன் பணம் அனுப்பச் சொன்னால் அது மோசடி. சென்னையில் உட்கார்ந்துகொண்டு வீடு தேடுபவர்களைக் குறிவைத்தே இதைச் செய்கிறார்கள்.

வாடகையைவிட முக்கியமான ஒன்று, ஆன்மெல்டுங் எனும் முகவரிப் பதிவு. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். இந்தப் பதிவு இல்லாவிட்டால் வரி எண் வருவது தள்ளிப்போகும், முதல் மாதச் சம்பளத்தில் கண்டபடி வரி பிடிப்பார்கள், குழந்தையின் பள்ளிச் சேர்க்கை நகராது. வீட்டு நெருக்கடியுள்ள நகரங்களில் "தங்கிக்கொள்ளுங்கள், ஆனால் பதிவு செய்ய முடியாது" என்று சொல்லும் தற்காலிக வீடுகள் நிறைய. துணைவரும் குழந்தையும் கூட வருகிறார்கள் என்றால் அப்படி ஒரு வீட்டை என்ன விலைக்கும் எடுக்கக் கூடாது என்பேன்.

மியூனிக்கை இங்கே குறைத்துப் பேசவில்லை. பிஎம்டபிள்யூ, சீமென்ஸ், அலையன்ஸ் என்று வேலைகளுக்குக் குறைவில்லாத ஊர். இரவு பதினொரு மணிக்கும் பெண்கள் பயமில்லாமல் ரயிலேறும் ஊர். ஒரு மணி நேரம் போனால் ஆல்ப்ஸ். தனியாக வரும் இருபத்தைந்து வயதுக்காரருக்கு, பகிர்ந்துகொள்ளும் ஃபிளாட்டில் ஒரு அறை போதுமென்றால், இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. குடும்பமாக வருகிறவர்களில் சிலர் பக்கத்து ஊரான ஆக்ஸ்பர்க்கில் வீடெடுத்து ரயிலில் வேலைக்குப் போகிறார்கள். மாதம் 58 யூரோவாக இருந்து 2026 ஜனவரியில் 63 ஆன டாய்ச்லாண்ட் டிக்கெட் அதற்குப் போதும். நெடுந்தூர விரைவு ரயில்களில் மட்டும் அது செல்லாது.

நாலாம் வகுப்பில் ஒரு தீர்ப்பு

இப்போது அந்த ஒன்பது வயது. ஜெர்மனியில் கல்வி மாநில அரசின் கையில் இருக்கிறது. பதினாறு மாநிலம், பதினாறு முறை. மியூனிக் இருக்கும் பவேரியாவில் நாலாம் வகுப்பு முடியும் தறுவாயில், மே மாதத் தொடக்கத்தில், ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். ஜெர்மன், கணக்கு, சுற்றுச்சூழலும் சமூகமும் சேர்ந்த ஒரு பாடம், இந்த மூன்றின் சராசரி 2.33 அல்லது அதைவிட நன்றாக இருந்தால் பிள்ளை கிம்னாசியம் போகலாம். இங்கே 1 தான் முதல் மதிப்பெண். எண் கூடக் கூட நிலை இறக்கம். 2.66 வரை ரியால்ஷூலே. அதற்குக் கீழே மிட்டல்ஷூலே. சராசரி தவறினால் மூன்று நாள் சோதனை வகுப்பு ஒன்று இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு நேர் வழி கிம்னாசியம்தான். பிற பள்ளிகளிலிருந்தும் பின்னால் ஏறிவரப் படிகள் உண்டு, ஆனால் சுற்றுவழி.

ஏழு வயதில் ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாமல் பவேரியாவில் இரண்டாம் வகுப்பில் உட்காரும் தமிழ்ப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். கணக்கில் எப்படியும் தேறிவிடும். மற்ற இரண்டும் மொழி. வீட்டில் உதவக்கூடியவர் யார்? அப்பா ஆபீஸில், அம்மாவே இப்போதுதான் மொழி வகுப்பில். இரண்டரை ஆண்டில் அந்தச் சராசரியை எட்டச் சொல்கிறது சட்டம். எட்டும் பிள்ளைகளும் உண்டுதான். எட்டாத பிள்ளைகளின் வீட்டில் அந்த மே மாதம் எப்படிப் போகும் என்று பார்த்திருக்கிறேன். அதற்குப் பிள்ளையைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தவறு ஊரைத் தேர்ந்தெடுத்த விதத்தில் இருக்கிறது.

பெர்லினிலும் அதைச் சுற்றியுள்ள பிராண்டன்பர்க்கிலும் தொடக்கப் பள்ளி ஆறு ஆண்டு. இரண்டு ஆண்டு கூடுதல் அவகாசம் என்பது புது மொழிக்குள் நுழையும் பிள்ளைக்கு மிகப் பெரிய விஷயம். டுசல்டார்ஃப், கொலோன் அடங்கிய நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியாவில் நாலாம் வகுப்புதான் என்றாலும் ஆசிரியர் சொல்வது பரிந்துரை மட்டுமே. கடைசி முடிவு பெற்றோருடையது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையோடு வருபவர்கள் வாடகை விவரத்தைப் பார்க்கும் முன் இந்த ஒன்றைப் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன்.

அதைவிடச் சின்னக் குழந்தைகளுக்குக் கிட்டா எனும் குழந்தைகள் காப்பகம். ஒரு வயது நிறைந்த எந்தக் குழந்தைக்கும் இடம் உண்டு என்பது 2013 ஆகஸ்ட் முதல் சட்ட உரிமை. உரிமை இருந்தும் வீட்டுக்குப் பக்கத்தில் இடம் கிடைக்காமல் அலைவது எல்லாப் பெருநகரங்களிலும் நடக்கிறது. கட்டணம் ஊருக்கு ஊர் வேறு. பெர்லின் 2018 ஆகஸ்டில் கட்டணத்தை முழுவதுமாக எடுத்துவிட்டது. சாப்பாட்டுக்கு மாதம் 23 யூரோ மட்டும். ஹாம்பர்க்கில் நாளுக்கு ஐந்து மணி நேரம் இலவசம். நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியாவில் பள்ளிக்கு முந்தைய இரண்டு ஆண்டும் இலவசம், அதற்கு முன்னால் உள்ள கட்டணத்தை ஒவ்வொரு நகராட்சியும் தானே வைத்துக்கொள்கிறது. கிட்டாவில் இடம் கிடைத்த அன்றுதான் வீட்டில் இருப்பவர் மொழி வகுப்புக்குக் கிளம்ப முடியும். மாதச் செலவில் வெறும் ஒரு வரியாகத் தெரிகிற இதில் அவருடைய வேலையும் வருமானமும் சுயமரியாதையும் சேர்ந்தே தொங்கிக்கொண்டிருக்கின்றன.

ஆங்கிலம் போதும் என்கிற ஊர்

ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் துணைவர் ஜெர்மன் தெரியாமலே வரலாம், வந்த நாளிலிருந்து எந்த வேலையும் பார்க்கலாம். நல்ல சலுகை. ஆனால் கதவு திறந்திருப்பதும் வேலை கிடைப்பதும் வேறு வேறு. ஆங்கிலம் மட்டும் வைத்துக்கொண்டு துணைவரும் வேலை தேடக்கூடிய ஊர் என்றால் முதலில் பெர்லின். ஸ்டார்ட்அப் கம்பெனிகள் அங்கேதான் குவிந்திருக்கின்றன. கடையிலும் காபி கடையிலும் ஆங்கிலத்திலேயே பேசிச் சமாளித்துவிடலாம். அதனாலேயே ஐந்து ஆண்டு ஆகியும் பி1 தேர்வு எழுதாமல் பெர்லினில் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். குடியுரிமை விண்ணப்பத்தின்போதுதான் அது காலை வாரிவிடும்.

சின்ன ஊர் நேர்மாறு. எர்லாங்கனிலோ, எஸ்ஏபி தலைமையகம் இருக்கும் வால்டார்ஃபிலோ ரொட்டிக்கடைக்காரர் ஜெர்மன்தான் பேசுவார். முதல் ஆறு மாதம் மூச்சு முட்டும். அரசின் ஒருங்கிணைப்பு வகுப்பு 600 பாடவேளை மொழிக்கு, 100 பாடவேளை நாட்டின் சட்டமும் வரலாறும் பற்றியது. அதை முடித்துவிட்டு வெளியே வந்தால் சின்ன ஊரில் அந்த மொழியைப் பேசிப் பழக ஆட்கள் இருப்பார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி உங்கள் பிழைகளைத் திருத்துவார்.

துணைவர் பல் மருத்துவரோ ஆசிரியரோ என்றால் கணக்கே மாறிவிடும். அந்தப் பட்டங்களை அங்கீகரிப்பதும் மாநில அரசின் கையில்தான். விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கும்போது வேறு மாநிலத்துக்குக் குடிபோவது மாதக்கணக்கான உழைப்பைக் கெடுத்துவிடும். இந்த வீடுகளில் ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கே முழுசாகப் போக வேண்டும்.

ஒரே ஆலையை நம்பிய ஊர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 மார்ச்சில் இன்டெல் நிறுவனம் மாக்டபர்க் நகரில் சிப் ஆலை கட்டப்போவதாக அறிவித்தது. திட்டம் 3,000 கோடி யூரோ அளவுக்கு வளர்ந்தது. 2024 செப்டம்பரில் ஒத்திவைத்தார்கள், 2025 ஜூலையில் கைவிட்டார்கள். வொல்ஃப்ஸ்பர்க் ஊரே வோக்ஸ்வாகன்தான். 2030-க்குள் ஜெர்மனியில் 35,000-க்கும் மேற்பட்ட வேலைகளைக் குறைக்க 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது அந்த நிறுவனம். வேலை போனால் ப்ளூ கார்டுக்காரருக்கு ஒவ்வொரு மாதமும் முக்கியம். அடுத்த வேலை வேறு ஊரில் என்றால் பிள்ளையின் பள்ளி, துணைவரின் வேலை, வெளிநாட்டினர் அலுவலகத்தில் இருக்கும் ஃபைல் எல்லாம் இடம் மாற வேண்டும். அந்த ஃபைல் ஒரு நகர அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சேருவதற்குள் படும் பாடு தனிக்கதை.

கிழக்கு ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் நிலைமை வேறு. 2024 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி தலைமையில் 1,000 கோடி யூரோவுக்கு மேற்பட்ட சிப் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். இன்ஃபினியான், பாஷ், குளோபல்ஃபவுண்ட்ரீஸ் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. வேலை உண்டு, வாடகை குறைவு, எல்ப நதிக்கரையில் கண்கொள்ளாத ஊர். ஆனால் 2025 பிப்ரவரி நாடாளுமன்றத் தேர்தலில் வெளிநாட்டினர் குடியேற்றத்தை எதிர்க்கும் ஏஎஃப்டி கட்சி, பெர்லின் நீங்கலாகக் கிழக்கு மாநிலங்கள் ஐந்திலும் முதலிடம் பிடித்தது. இதைப் பெரிதுபடுத்தவும் வேண்டாம், மூடிமறைக்கவும் வேண்டாம். அங்கே நிம்மதியாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. போகும் முன் அங்கே வசிக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணிடம் பேசுங்கள். இரவில் டிராமில் தனியாக வருவீர்களா என்று கேளுங்கள். அவர் சொல்வதை நம்புங்கள்.

தேர்வு இல்லாமல் வந்தவர்கள்

ஊரைத் தேர்ந்தெடுப்பது பற்றி இவ்வளவு எழுதும்போது ஈழத்திலிருந்து வந்தவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1983-க்குப் பின் அகதிகளாக வந்தவர்களுக்கு எந்த ஊர் என்ற கேள்வியே இல்லை. எந்த மாநிலத்துக்கு எத்தனை பேர் என்று அரசு பங்கு பிரித்தது. அனுப்பிய இடத்தில் இருக்க வேண்டும், அனுமதி இல்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. அப்படி எங்கெங்கோ போடப்பட்டவர்கள்தான் இந்த நாட்டில் தமிழுக்கு முதல் இடம் பிடித்துக்கொடுத்தார்கள். பல ஊர்களில் சனிக்கிழமைதோறும் வாடகை வகுப்பறைகளில் தமிழாலயம் எனும் தமிழ்ப் பள்ளிகளை நடத்தினார்கள். ஹாம் நகரின் தொழிற்பேட்டைப் பக்கம் கோபுரத்தோடு எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002-ல் குடமுழுக்கு நடந்தது. தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள், தீர்த்தத்துக்கு அங்கே ஓடும் கப்பல் கால்வாயில் இறங்குகிறார்கள். இன்று ப்ளூ கார்டில் வருகிறவர்களின் பிள்ளைகள் அ, ஆ எழுதப் பழகும் வகுப்புகளில் பலவும் அவர்கள் போட்ட பாதையில் நடப்பவை.

அந்த ஹாம் இருப்பதும் ரைன், ரூர் ஆறுகளை ஒட்டிய மண்டலத்தின் ஓரத்தில்தான். என்னைக் கேட்டால், குடும்பமாக வந்து நிலைத்துவிட நினைப்பவர்களுக்கு முதலில் கைகாட்டுவது இந்த மண்டலத்தைத்தான். கொலோன், டுசல்டார்ஃப், டியூஸ்பர்க், எஸ்ஸன், டார்ட்முண்ட் என்று ஒரே ரயில் தடத்தில் அடுத்தடுத்து ஊர்கள். மொத்தம் ஒரு கோடி மக்கள். பழைய நிலக்கரி, இரும்பு நகரங்கள், அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை, வானமும் பாதி நாள் சாம்பல்தான். ஆனால் எஸ்ஸனில் வீடு இருந்தால் ஒருவர் டுசல்டார்ஃபிலும் இன்னொருவர் டார்ட்முண்டிலும் வேலை பார்க்கலாம். ஒருவர் வேலை போனாலும் வீடு மாறாது, பிள்ளையின் பள்ளி மாறாது, மாநிலமும் மாறாது. ஃபிராங்க்ஃபர்ட்டைச் சுற்றிய மைன்ஸ், வீஸ்பாடன், டார்ம்ஸ்டாட் பகுதியும் இதே வசதி கொண்டது, வாடகை சற்றுக் கூட. சென்னைக்கு நேரடி விமானம் இருப்பதால் வயதான பெற்றோரை அழைத்துவருபவர்களுக்கு ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் ஒரு நிம்மதி.

வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெரும்பாலான வேலைகளில் முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம், இரண்டு வார அறிவிப்பில் இரு பக்கமும் விலகலாம். வீட்டு ஒப்பந்தத்தை முடிக்கவோ மூன்று மாத அறிவிப்பு வேண்டும். அதனால் அந்த ஆறு மாதத்துக்கு முகவரிப் பதிவுக்கு ஒப்புக்கொள்ளும் சாமான் உள்ள சின்ன வீடாக எடுங்கள். அதற்கு உதவச் சொல்லிக் கம்பெனியிடம் கேளுங்கள், கேட்டால் பலரும் செய்கிறார்கள். அதற்குள் ஒருமுறை துணைவர் வந்து இரண்டு, மூன்று வாரம் தங்கட்டும். வார நாட்களில், நீங்கள் ஆபீஸில் இருக்கும் நேரத்தில், அவர் தனியாகப் பஸ்ஸில் போகட்டும். மொழி வகுப்பு நடக்கும் ஃபோக்ஸ்ஹோக்‌ஷூலேயில் நேரில் போய் விசாரிக்கட்டும். கிட்டாவின் வாசலில் பிள்ளையை விட வரும் அம்மாக்களைப் பார்க்கட்டும். நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியாவில் கோடையின் கடைசியிலும் பவேரியாவில் செப்டம்பர் நடுவிலும் பள்ளி தொடங்கும். அதற்குக் குறைந்தது நான்கு மாதம் முன்னால் அவரிடமிருந்து பதில் வந்துவிட வேண்டும். அவர் வேண்டாம் என்று சொல்கிற ஊரென்றால், தகுதிகாண் காலம் முடிவதற்குள் வேறு ஊரில் வேலை தேடத் தொடங்கிவிடுங்கள்.